பதினோரு கிடேரிகளும் ஒரு படி உப்பும்

இன்று காலை பால் சொசைட்டியில் உப்புக்கட்டி கொடுத்தார்கள். மாடு நக்குவதற்கென்று செங்கல் அளவில் வார்த்து, நடுவில் கயிறு கோக்க ஓட்டை விட்டு வருமே, அதுதான். வீட்டுக்கு ஒன்று. பெட்டியைப் பிரித்து மேசைமேல் அடுக்கும்போது வெல்லப்பாகும் உப்பும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஒருத்தி, "இன்னாக்கா, மயக்கமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் கொடுத்து முடித்தேன். எனக்குரிய கட்டியை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. காரியத்துக்கு வந்தவர்கள் உன் மகளிடம் பேசிவிட்டு நேராக என்னிடம்தான் வந்தார்கள். "கூடப் பொறந்தவ மாதிரி இருந்தீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் அழுதேன். எல்லாரும் பார்க்கத்தான் அழுதேன். ஆனால் அந்த அழுகையில் பாதி துக்கம், பாதி நிம்மதி. இனி நீ என்னை எதுவும் கேட்கமாட்டாய் என்கிற நிம்மதி. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் உயிரோடு இருந்தபோதே எழுதியிருக்கலாம். அதற்கும் துணிச்சல் வரவில்லை.

நாம் இருவரும் அந்தக் கொட்டகையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தது இரண்டாயிரத்து நான்கில், பொங்கல் முடிந்த கையோடு. முதலாளிக்கு மரக்காணத்துக்கு வெளியே உப்பங்கழியை ஒட்டி உப்பளம் இருந்தது. அளத்துக்கு மேற்கே கொஞ்சம் மேடான நிலத்தில் கொட்டகை போட்டு, பதினோரு கலப்பினக் கிடேரிகளை வாங்கி விட்டிருந்தார். வளர்த்து, சினையாக்கி, பால் பண்ணை வைப்பது அவர் எண்ணம். மேய்ப்பதும் தண்ணீர் காட்டுவதும் உன் வேலை. பத்தாவது வரை படித்தவள் என்பதால் தீவனம் கலப்பது என் வேலை. அவர் சீட்டில் எழுதிக் கொடுக்கிற அளவைப் படித்து, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் நொறுக்கின சோளமும் கலந்து தொட்டியில் கொட்டுவேன். என் வீட்டுக்காரர் அதே முதலாளியின் அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் மட்டும் உனக்கு.

உனக்கு எழுத்து தெரியாது, மாட்டின் வயிறு தெரியும். சேர்ந்த முதல் வாரமே என் கையைப் பிடித்து ஒரு கிடேரியின் இடது பக்கத்தில் வைத்தாய். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம். காலையில் உள்ளங்கை அடங்குகிற அளவுக்குக் குழிந்திருந்தது. சாயங்காலம் மேய்ந்து வந்த பிறகு மறுபடி வைக்கச் சொன்னாய். பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. "வாய் பொய் சொல்லும்டி. கத்துற மாடெல்லாம் பசிச்ச மாடு கெடையாது. இந்தக் குழியத் தொட்டுப் பாரு, இது சொல்லும்" என்றாய்.

குழி நிரம்பினால் மட்டும்தான் மாடு மேய்ச்சலை நிறுத்தும் என்றில்லை என்பதையும் உன்னிடம்தான் பார்த்தேன். உச்சி வெயிலில் அரை வயிற்றோடு நிழலுக்கு வந்து நிற்கும். வெயில் தாழ்ந்ததும் யாரும் ஓட்டாமலே திரும்பப் போய்த் தலையைக் குனியும். பருவத்துக்கு வந்த கிடேரி அன்றைக்கு முழுக்கப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா சுற்றும். "இதுக்கு மனசு வேற எங்கியோ இருக்குது, தீனி எறங்காது" என்று சிரிப்பாய். தண்ணீர் குடிக்காத மாடு வைக்கோலைத் தொடாது. தொண்டை காய்ந்தால் பசியும் அடங்கிப்போகும், அதைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதே என்பாய். எல்லாம் சரியாக இருந்தால் மாடு ஒரு இடம் பார்த்துப் படுத்து, கண்ணைப் பாதி மூடி, அசை போட ஆரம்பிக்கும். அந்த நேரம் உன் முகத்திலும் ஒரு சாந்தம் வரும். நீயும் அப்போதுதான் தூக்குச்சட்டியைத் திறப்பாய்.

ஒன்றை மட்டும் அடிக்கடி சொன்னாய். "புல்லுல இதுங்களுக்குப் போதும்னு தெரியும் சரசு. தவிட்டுல தெரியாது." நான் தொட்டியில் கலவையைக் கொட்டியதும் அது சரிதான் என்று தெரியும். செவலைக் கிடேரி இருந்ததே, அது மற்ற எல்லாவற்றையும் முட்டித் தள்ளிவிட்டு மூச்சு வாங்காமல் தின்னும். காது கிழிந்த கறுப்புக் கிடேரி, இருப்பதிலேயே சின்னது, அது கிட்டே போகவே முடியாது. செவலைக்கு வயிறு உப்பிக்கொண்டு ஊசி போட வேண்டியதாயிற்று. கறுப்புக்கு எலும்பு தெரிந்தது. நீ குச்சியை வைத்துக்கொண்டு தொட்டியருகே காவல் நின்றாய். எத்தனை நேரம் நிற்க முடியும்?

அப்போதுதான் முதலாளி ஒருநாள் வந்து, தீவனத்தில் உப்பைக் கலக்கச் சொன்னார். வெளியூரில் ஒரு பண்ணையில் பார்த்தாராம். பத்துப் படி கலவைக்கு ஒரு படி உப்பு. நாக்கு கரித்தால் மாடு தானாகவே நிறுத்திக்கொள்ளும், போய்த் தண்ணீர் குடிக்கும், அந்த நேரத்தில் இன்னொன்று தின்னும்.

"பசிக்குப் பூட்டுப் போடச் சொல்றீங்களாங்க?" என்று நீ கேட்டாய்.

"பூட்டு இல்லம்மா, ஸ்பீட் பிரேக்கர்" என்று சிரித்தார். போகும்போது திரும்பி, "தண்ணி மட்டும் குறையக்கூடாது. அதை நீ பாத்துக்கோ" என்றார். நல்ல தண்ணீர் இல்லாமல் உப்பு ஆகாதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

உனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒருநாள் காலை செவலை ஆறேழு வாய் தின்றுவிட்டுத் தலையைத் தூக்கி, உதட்டை நக்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு நடந்தது. கறுப்பு தயங்கித் தயங்கி வந்து அந்த இடத்தில் வாயை வைத்தது. நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "பாருடி, அது வயித்துக்கும் போவுது." அன்றிலிருந்து தினமும் நான் கலந்து முடித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாய். "கூடிப்போச்சு" அல்லது "சரியா இருக்குது." அவ்வளவுதான். உன் நாக்கு சொன்ன பிறகுதான் நான் தொட்டியில் கொட்டுவேன். மேற்கு மூலையில் இருந்த கிணறு நல்ல தண்ணீர். அளத்துக்கு இவ்வளவு கிட்டே அப்படி ஒரு தண்ணீரா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பல மாதம் எந்தக் குறையும் இல்லை. கறுப்புக்கு எலும்பு மறைந்தது.

மார்கழியில் அந்த ஞாயிற்றுக்கிழமை அலை வந்தது. மீனவர் குப்பங்களில் நடந்ததை நீயும் நானும் போய்ப் பார்த்தோம். அதை இங்கே எழுத எனக்குத் தகுதி இல்லை. நம் கொட்டகைக்கு உப்பங்கழி வழியாக ஏறி, அளத்தைக் கலைத்துக்கொண்டு முட்டி அளவு தண்ணீர் வந்தது. நீ கயிறுகளை அறுத்துவிட்டுப் பதினொன்றையும் ரோட்டு மேட்டுக்கு ஓட்டினாய். ஒன்றுகூடப் போகவில்லை. முதலாளி உன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்று வாரம் கழித்து அதே கையை உன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

தண்ணீர் வடிந்த பிறகு மேய்ச்சல் நிலம் வெள்ளை பூத்தது. நாலைந்து நாளில் புல் கருகிவிட்டது. கிணற்றை இரண்டு தடவை இறைத்துப் பார்த்தும் கரிப்பு போகவில்லை. வைக்கோல் வண்டி எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை. வந்த லாரிகள் எல்லாம் மனுஷர்களுக்குத்தான் வந்தன, அது நியாயம்தான். அளம் சேறாகிக் கிடந்ததால் என் வீட்டுக்காரர் வேலையில்லாமல் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அலை வந்த மறுநாளே நீ சொன்னாய். "சரசு, உப்ப நிறுத்திடு. தண்ணியே கரிக்குது. இதையும் போட்டா இதுங்க தாங்காது." முதலாளியிடமும் சொன்னாய். அவர் தலையாட்டினார். நீ கிணற்றுப் பக்கம் போனதும் என்னை மூட்டை அறைக்குள் கூப்பிட்டார்.

"உப்ப எடுத்துட்டா ஒரு வாரத்துல மூட்டை காலியாயிடும். அடுத்த லோடு எப்ப வரும்னு எனக்கே தெரியல. நீ பாட்டுக்குப் போடு. அவகிட்ட நிறுத்திட்டேன்னு சொல்லிடு."

நான் படியைக் கையில் வைத்துக்கொண்டு உப்பு மூட்டையைப் பார்த்தேன்.

"உன் வீட்டுக்காரனுக்கு முந்திரித் தோப்புல வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். பொங்கல் கழிச்சு வரச் சொல்லு."

"சரிங்க" என்றேன். இவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அந்தச் "சரிங்க" என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நீ திரும்பி வந்து, "நிறுத்திட்டியா?" என்று கேட்டாய். "நிறுத்திட்டேன்" என்றேன். உப்பைப் பாதியாகக் குறைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். குறைக்கவில்லை. பத்துக்கு ஒன்று, அதே படி, கோபுரமாக.

அன்றிலிருந்து நீ கலவையை நாக்கில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாய். உப்பே இல்லாததை எதற்குப் பார்ப்பது? உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது என்றால் அது இதற்காகத்தான். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டிருக்கலாமே? ஒரே ஒரு தடவை என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாமே? மாட்டின் வாயை நம்பாதே என்று எனக்குச் சொன்னவள், என் வாயை மட்டும் ஏன் அப்படி நம்பினாய்?

உப்புக்கு மாட்டை நிறுத்துகிற சக்தி இருந்தது, வெளியே புல் இருந்த வரைக்கும்தான். மேய்ச்சல் இல்லாதபோது அது எதையும் நிறுத்தவில்லை. கிடேரிகள் ஆறேழு வாய் தின்னும், தண்ணீருக்குப் போகும், முகர்ந்து பார்த்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தலையை உதறும், திரும்பி வந்து தொட்டியை நக்கும். நக்க நக்க தாகம். தாகத்தில் வாயை வைத்தால் அதுவும் உப்பு. நீ கவனித்தாய். உன் கண்ணுக்குத் தப்புமா? "இன்னாடி இது, குழி உள்ள போயிருக்குது, ஆனா தொட்டிய வுட்டுத் தள்ளி நிக்குது. பசியா தாகமான்னு அதுக்கே தெரியல போலக் கீது" என்றாய். நான், "தண்ணி மாறிப்போச்சுல்ல, பழகணும்" என்றேன். நீ அதையும் நம்பினாய்.

போகி அன்று காலை செவலை நடந்துபோய்க் கொட்டகைத் தூணில் முட்டிக்கொண்டது. கண் திறந்துதான் இருந்தது, பார்வை இல்லை. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று, பின்னங்கால் மடங்க மடங்க, குடித்தவன் போல நடந்தன. நீ ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தாய். அவர் பாவம், இரண்டு வாரமாகக் குப்பம் குப்பமாக அலைந்து கண் சிவந்திருந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தின உடனே கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார்.

"தீவனத்துல உப்பு போடுறீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நீயும் என்னைப் பார்த்தாய். அவர் பார்வைக்கும் உன் பார்வைக்கும் நடுவில் நான் நின்றேன். உன் முகத்தில் எந்தக் கேள்வியும் இல்லை, தெரிந்த பதிலைச் சொல்லப்போகிறவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாய்.

"முன்னாடி போட்டோம் சார். அலை வந்த மறுநாளே நிறுத்திட்டோம்."

"ஆமா சார், நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்று நீ சேர்ந்துகொண்டாய்.

டாக்டர் யோசித்தார். கருகின செடி எதையாவது தின்றிருக்குமோ, மூளைக் காய்ச்சலோ என்று கேட்டார். ஊசி போட்டார். "நல்ல தண்ணி எங்கயாவது கெடச்சா குடுங்க, நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த குப்பத்துக்குப் போனார்.

நல்ல தண்ணீர் என்ற வார்த்தை போதும் உனக்கு. பொங்கல் அன்று வீட்டில் பானை வைக்காமல் பெருமுக்கல் பக்கம் போனாய். யார் யாரிடமோ கெஞ்சி, ஒரு டிராக்டர் பெட்டியில் நாலு டிரம் ஏற்றி, போர் தண்ணீர் பிடித்துக்கொண்டு மத்தியானம் வந்து இறங்கினாய். சேலை முழுக்க நனைந்திருந்தது. தொட்டியில் ஊற்ற ஊற்ற கிடேரிகள் விழுந்தடித்துக்கொண்டு வந்தன. பார்வை போனதுகூட வாசம் பிடித்துக்கொண்டு வந்தது. முகத்தை முழுக்க உள்ளே விட்டு, காது வரைக்கும் நனைய நனையக் குடித்தன. நீ அழுதுகொண்டே சிரித்தாய். "குடிங்கடி, குடிங்கடி என் கண்ணுங்களா" என்று ஒவ்வொன்றின் முதுகையும் தடவினாய். இடது பக்கப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்து, "ரொம்பிடுச்சு பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். நானும் தொட்டுப் பார்த்தேன்.

கறுப்பும் இன்னும் மூன்றும் மட்டும் கூட்டத்தில் நுழைய முடியாமல் பின்னால் நின்றன. அவை வாயை வைக்கும்போது தொட்டியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது முதல் வலிப்பு வந்தது. செவலை தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு கால்களை உதைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக. மாட்டுப் பொங்கல் அன்று விடிந்தபோது ஏழு கிடந்தன. ஊரில் மற்ற கொட்டகைகளில் கொம்புக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ நடுவில் சேற்றிலே உட்கார்ந்து ஒவ்வொன்றின் முகத்திலும் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

டாக்டர் வந்து பார்த்தார். எவ்வளவு தண்ணீர் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நீ நாலு டிரம் என்றாய். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காஞ்சு கெடந்த மாட்டுக்கு ஒரேயடியா இவ்ளோ குடுக்கலாமாம்மா? மூளைக்கு ஏறிடும். ஆனா இந்தக் கிணத்துத் தண்ணி மட்டும் இந்த அளவுக்குச் செய்யுமான்னுதான் எனக்குப் புரியல" என்றார். கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. முதலாளி முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருந்த மாட்ட தண்ணி ஊத்திக் கொன்னுட்டியே, பாவி."

நீ பின்னால் நின்றிருந்த நாலைக் காட்டினாய். "ஆமாங்க, குடிக்காதது எல்லாம் பொழச்சிருக்குது. நான்தான்." உனக்கு எதிராக நீயே சாட்சி சொன்னாய். நான் மூன்றடி தள்ளி நின்றேன். கையில் தவிடு ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தால் ஒரே வரி போதும். திறக்கவில்லை. உன்னை அன்றே போகச் சொன்னார். நீ துண்டையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அந்த நாலையும் பாத்துக்கோடி" என்றாய். என் வீட்டுக்காரர் அந்த வாரமே தோப்பு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் எந்தக் கொட்டகையிலும் உன்னைச் சேர்க்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஏழு மாட்டைக் கொன்றவள் என்ற பேர் உனக்கு முன்னால் போய் நின்றது. ஆரோவில் பக்கம் ஒரு வீட்டில் சமையலறை வேலைக்குப் போனாய். காலையில் வேனில் போய்ச் சாயங்காலம் வருவாய். அந்த வருஷமே மகளிர் குழுவில் உனக்கு ஒரு கறவை மாடு கொடுத்தார்கள். வேண்டாம் என்றாய். மகளுக்காக வாங்கச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். வாங்கினாய். புல் அறுத்துப் போட்டாய், சாணி அள்ளினாய், பால் கறந்தாய். தண்ணீர் மட்டும் காட்டமாட்டாய். மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும் வாளியை நிரப்பி வைத்துவிட்டு எட்ட நிற்பாய். மாடு வாளியைப் பார்த்துக் கத்தும். ஒருநாள் நான் வந்து எடுத்து வைத்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "என் கை ஆவாதுடி" என்றாய்.

அப்போதும் நான் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் டாக்டருக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன் பால் சொசைட்டிக்கு வந்தார். நான் அப்போது அங்கே எழுதுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. உடம்பில் உப்பு அளவுக்கு மீறி ஏறினால் மூளையும் அதற்கு ஈடாகத் தன்னைச் சரிபண்ணிக்கொள்ளுமாம். அந்த நேரம் பார்த்து நல்ல தண்ணீரை வயிறு முட்டக் குடித்தால், அவ்வளவும் மூளைக்குள் இறங்கி அது வீங்கிவிடுமாம். "உப்பு உள்ள போகுதுன்னு தெரிஞ்சிருந்தா நானே பக்கத்துல நின்னு, கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு மூணு நாளைக்குப் பிரிச்சுக் குடுத்திருப்பேன். பாதியாவது பொழச்சிருக்கும். அதான் அப்ப உங்களைக் கேட்டேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார். "நெஜமாவே நிறுத்துனீங்களா?"

நான் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் உப்புப் போட்டது ஒரு குற்றம். அது முதலாளியின் குற்றம் என்று பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் டாக்டரிடம் சொன்ன பொய் வேறு யாருடையதும் இல்லை. அந்தப் பொய்தான் உன் கையில் நாலு டிரம்மைக் கொடுத்தது. நீ ஆசையாக ஊற்றின தண்ணீரை விஷமாக்கி வைத்துவிட்டு, நான் பக்கத்தில் நின்று பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தேன். இது தெரிந்த பிறகும் அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து காபி குடித்தேன். அடுத்த நாளும் வந்தேன். வருஷக்கணக்காக வந்தேன். உன் மகள் கல்யாணத்துக்கு முன்வரிசையில் நின்றேன்.

போன மழைக்காலத்தில் நீ சாப்பிடுவது குறைந்தது. முதலில் கண்டுபிடித்தது நான்தான். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை உனக்கு. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கல்லீரல் என்றார்கள், காலம் கடந்துவிட்டது என்றார்கள். கடைசி வாரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் கஞ்சி வைக்க உள்ளே போயிருந்தாள். நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய்.

"சரசு, நீ கூடத்தானே இருந்த. நான் ஊத்துன தண்ணியாலதான் அதுங்க செத்துச்சா?"

சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் யாருக்கும் கிடைக்காது. நீயே கதவைத் திறந்துவிட்டாய்.

"இல்லடி. அது ஏதோ நோய்" என்றேன்.

நீ லேசாகச் சிரித்தாய். "நீ என்னிக்கும் எனக்காகப் பேசுவ" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய். நீ நம்பவில்லை. உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய். வாழ்நாள் முழுக்க என் பொய்யை நம்பினவள், நீ குற்றவாளி இல்லை என்று நான் சொன்ன அந்த ஒரு உண்மையை மட்டும் நம்பாமல் போனாய். ஏனென்றால் அதையும் நான் பாதியாகத்தான் சொன்னேன்.

இன்று மத்தியானம் சொசைட்டியைப் பூட்டிவிட்டுக் கூனிமேடு பஸ் ஏறி உன் மகள் வீட்டுக்குப் போனேன். சாப்பிடச் சொன்னாள், வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை அறையில் நடந்தது, டாக்டரிடம் சொன்னது, பேரேட்டைப் புரட்டினது, கடைசி வாரம் நீ கேட்டது, ஒன்று விடாமல். அவள் முகத்தில் உன் சாயல் அப்படியே இருக்கிறது, அதனால் அவளைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்கம்மா சாவுற வரைக்கும் ஒரு மாட்டுக்கும் தண்ணி காட்டல. அது உனக்குத் தெரியுமா சின்னம்மா?"

"தெரியும்."

"பாத்துக்கினே இருந்தியா?"

நான் தலையாட்டினேன்.

அவள் எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள், அடிப்பாள், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். திரும்பியபோது அவள் கண் காய்ந்திருந்தது.

"அது உயிரோட இருக்கும்போது சொல்லியிருந்தா அது எறக்கி வெச்சிருக்கும். இப்ப வந்து சொல்றியே, இது யாருக்காக? எங்கம்மாவுக்கா, உனக்கா?"

நான் எழுந்து நின்றேன்.

"உனக்குத்தான். எங்கிட்ட எறக்கி வெச்சிட்டுப் போலாம்னு வந்திருக்க. இங்க எடம் இல்ல சின்னம்மா. எடுத்துக்கினு போ."

கதவை அவள் அறைந்து சாத்தவில்லை. நான் படியிறங்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, மெல்லச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பஸ் வர நேரமாயிற்று. உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் மகள் சொன்னது சரி. இது இனி என்னிடம்தான் இருக்கும்.